கொய்யாவுக்குத் தார்

என் அம்மாவைக் கடல் இரண்டு முறை வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கிறது. முதல் முறை நான் கைக்குழந்தை. இரண்டாவது முறை நன்றாக நினைவிருக்கிறது. ராயபுரத்தில் துறைமுகச் சுவர் நீள நீள, அதற்கு வடக்கே அலை ஊருக்குள் ஏறிக்கொண்டிருந்த காலம். ஓர் ஐப்பசியில் எங்கள் பின்சுவர் போயிற்று. மறுநாள் அடுப்படி போயிற்று. அம்மா அம்மிக்கல்லைத் தெருவரைக்கும் உருட்டிக்கொண்டு வந்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, கடலைப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். மாதா கோயில் பூசைக்குப் போகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு போனார்கள். கடல் எதையும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு நாலைந்து தெரு உள்ளே தள்ளி, ஓடு போட்ட ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடுகிற அளவுக்கு ஒரு வெற்றிடம் இருந்தது. அம்மா வந்த வாரமே அங்கே ஒரு கொய்யாக் கன்றை நட்டாள். பழத்துக்கு ஆசைப்பட்டு நட்டாள் என்று நினைத்தால் அது தப்பு. கடல் கொண்டுபோன வீட்டில் ஒரு முருங்கை மரம் இருந்தது. வீடு போவதற்கு முந்தைய வருடமே அது நுனியிலிருந்து மஞ்சளடித்துக் காய்ந்துபோனது. மண்ணுக்கடியில் உப்புத்தண்ணீர் முதலில் வரும், அலை பிறகு வரும் என்று அம்மா அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொண்டாள். "முருங்க சொல்லிச்சு, நாமதான் கேக்கல" என்று அடிக்கடி சொல்வாள். புது வீட்டில் கிணறு கிடையாது, தெருக்குழாய்த் தண்ணீர்தான். மண்ணுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று அவளுக்குச் சொல்ல அந்தக் கொய்யாவை விட்டால் நாதியில்லை. அது பச்சையாக நிற்கிறவரை அம்மா அந்த வீட்டில் இருப்பாள், அது காய்ந்தால் கிளம்பிவிடுவாள். இதை அவள் நட்ட அன்றே சொல்லிவிட்டாள்.

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். காசிமேட்டில் படகு கட்டுகிற தச்சர். கடலிலிருந்து தள்ளிப் போவது அவருக்கு வயிற்றிலடித்த மாதிரி. புது வீட்டிலிருந்து வேலைக்கு நடந்தே போய்விடலாம் என்பதால்தான் அதற்கே சம்மதித்தார். இதற்கு மேல் ஓரடி உள்ளே போகமாட்டேன் என்று அவரும் சொல்லிவிட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒற்றைப் பெண்ணாக நான். திருவொற்றியூரில் தீப்பெட்டி ஆலையில் பெட்டி அடுக்குகிற வேலை எனக்கு. சாயங்காலம் கைகால் ஓய்ந்து வந்தால், இவர்கள் சண்டைக்கு நான் நீதிபதி.

ஊரில் எல்லோரும் கொய்யாப்பழத்துக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் அது நடக்காது. உப்பு தொட்டால் மண்ணின் உப்பு எப்படித் தெரியும்? ஒவ்வொரு பருவத்திலும் முதல் பழத்தை அம்மா நாலாக அறுத்து, ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். நற்கருணை வாங்கும்போதுகூட அவள் முகம் அவ்வளவு பக்தியாக இருந்து நான் பார்த்ததில்லை. "இனிப்புதான்" என்று அவள் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் துண்டு கிடைக்கும்.

நாலைந்து வருடம் இப்படி நல்லபடியாகப் போயிற்று. மரமும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து கிளைத்துவிட்டது. பிறகு ஓர் ஆடி மாதம் கழிந்து, கிளை பிரிகிற கவட்டில் பழுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. பீடித்தூளைச் சிலந்தி நூலில் கோர்த்து மரத்தின் மேல் ஒட்டிவிட்ட மாதிரி, வளைந்து வளைந்து ஒரு சாண் நீளம். நான் கறையான் என்று நினைத்தேன். அம்மா துடைப்பத்தால் தட்டிவிட்டாள். நாலு நாளில் மறுபடி அதே இடத்தில், இன்னும் கொஞ்சம் நீளமாக. மறுபடி தட்டிவிட்டாள். மறுபடி வந்தது.

அது என்ன என்று பின்னாளில் ஒரு தோட்டக்கலைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பட்டையைத் தின்கிற ஒரு புழு. கோடை மழை விழுகிற சமயத்தில் ஒரு சாம்பல் நிற அந்துப்பூச்சி மரப்பட்டையின் வெடிப்பில் முட்டை வைத்துவிட்டுப் போகும். பொரித்து வருகிற புழு கவட்டில் ஒரு துளை போட்டு மரத்துக்குள் குடியேறும். பகலெல்லாம் துளைக்குள் கிடக்கும், இருட்டியதும் வெளியே வந்து பட்டையைச் சுரண்டித் தின்னும். தன் எச்சத்தையும் மரத்தூளையும் நூலால் பின்னித் தலைக்கு மேல் கூரை போட்டுக்கொண்டு, அதன் கீழேதான் நடக்கும். நாங்கள் துடைப்பத்தால் தட்டியது அதன் கூரையைத்தான். துளைக்குள் இருக்கிறவனுக்கு அதனால் என்ன வந்தது? வருடத்தில் முக்கால் பாகம் புழுவாகவே வாழும். பங்குனி, சித்திரையில் துளைக்குள்ளேயே கூட்டுப்புழுவாகித் தூங்கும். பிறகு கூட்டை வாசலில் பாதி நீட்டியபடி விட்டுவிட்டுப் பூச்சியாகப் பறந்துபோகும். பூச்சிக்கு ஆயுசு சில நாள்தான். அதற்குள் ஜோடி சேர்ந்து, அதே மரத்திலோ அடுத்த மரத்திலோ முட்டை வைத்துவிட்டுச் செத்துப்போகும். அடுத்த புழு ஆரம்பிக்கும்.

அன்றைக்கு இதெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும்? அடுத்த சித்திரையில் கவட்டுத் துளையிலிருந்து காய்ந்த தோல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஏதோ குப்பை என்று விட்டுவிட்டேன். அந்த வருடக் கோடை மழைக்குப் பிறகு ஒரு துளை மூன்றாயிற்று, மூன்று ஆறாயிற்று. ஒரு கிளை முழுசாகக் காய்ந்தது. காய் பிஞ்சிலேயே உதிர்ந்தது. தப்பிப் பழுத்தது எலுமிச்சை அளவுதான்.

அம்மா அந்த வருடத்து முதல் பழத்தை அறுத்து வாயில் போட்டாள். கண்ணைத் திறக்கவே இல்லை.

"கரிக்குது" என்றாள்.

நைனா ஒரு துண்டை எடுத்து மென்றார். "இன்னாமே சொல்ற? இனிப்பாத்தான் கீது."

என்னையும் தின்னச் சொன்னாள். இனிப்பு கொஞ்சம் குறைச்சல், அவ்வளவுதான். அதையே சொன்னேன். பக்கத்து வீட்டில் பாயம்மா இருந்தார். அவர் வீட்டுக்காரருக்கு வண்ணாரப்பேட்டையில் கோணிப்பை வியாபாரம். அம்மா அவரையும் சுவர் ஓரம் கூப்பிட்டு ஒரு துண்டைக் கையில் வைத்தாள்.

"யக்கா, சக்கரையாட்டம் கீது" என்றார் பாயம்மா. அம்மா முறைத்த முறைப்பில் இன்னொரு கடி கடித்து, "லேசா ஒரு மாதிரி..." என்று இழுத்தார். நைனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல யக்கா, இனிப்புதான்" என்று முடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் போதும், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கரைக்குக் கிளம்பிவிடுவாள். அலை எந்தத் தெருவரைக்கும் வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, சோறு வேண்டாம் என்று படுத்துக்கொள்வாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். இந்தப் பூனை அடுப்பு எங்கே எரிகிறது என்று தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. நான் எரிந்து எரிந்து விழுந்தேன். "உனக்கு வேற வேலயே இல்லயாம்மா?" என்பேன். அவள் பதில் சொல்லமாட்டாள்.  திட்டுகிற அம்மாவை எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருக்கிற அம்மாவை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நைனா ஒரு நாள் பழைய சைக்கிள் கம்பி ஒன்றின் நுனியை வளைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தார். பழுப்புக் கூரையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, துளைக்குள் கம்பியை விட்டுத் திருகினார். மூன்றாவது தடவை ஒரு புழு மாட்டி வந்தது. சுண்டுவிரல் நீளம், அழுக்குப் பழுப்பு உடம்பு, கறுத்த தலை. அதைக் கொட்டாங்கச்சியில் போட்டு அம்மாவுக்கு முன்னால் வைத்தார்.

"இந்தா, உன் கடலு. நல்லா பாத்துக்கோ."

அம்மா குனிந்து பார்த்தாள். "புழுதான். யாரு இல்லன்னா? நல்லா கீற ஒடம்புல ஏன் புழு வெக்குது? உள்ள கெட்டாதான் வெக்கும். வேருக்கு உப்பு ஏறிடுச்சு, அதான் இது வந்து ஒக்காந்துகிச்சு."

  அது முட்டாள்தனம் என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் எந்த இடத்தில் பிடித்து உடைப்பது என்று தெரியவில்லை.

நைனா அன்றைக்கே ஒவ்வொரு துளையிலும் மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்து, மேலே களிமண் வைத்து அடைத்தார். அது நூற்றுக்கு நூறு சரியான வைத்தியம். தோட்டக்கலைக்காரரும் என்னிடம் அதையேதான் சொன்னார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அம்மா பார்த்துக்கொண்டே நின்று, "இந்த ஓட்டைய அடச்சா நாளிக்கி வேற ஓட்ட" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அது அவரை எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது.

"நான் கை வெச்ச மரத்துல திரும்பப் புழு வெச்சுதுன்னு காசிமேட்டுல எவனாவது சொல்லுவானா? சொல்லட்டும் பாக்கலாம்."

கடலில் மிதக்கிற மரத்தைத் துளைக்க வேறொரு புழு உண்டு. கவனிக்காமல் விட்டால் ஒரு படகின் அடிப்பலகையை அது சல்லடையாக்கிவிடும். அதனால் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டியிருக்கிற சிப்பியையும் பாசியையும் வெள்ளை மரம் தெரியச் சுரண்டி, சுறா எண்ணெய் தடவி, காய்ந்ததும் தார் பூசுவார்கள். இதில் நைனாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டினார். சுரண்டுகிற கருவியும் தார் டின்னும் முந்தின நாளே வீட்டுக்கு வந்திருந்தன. தரையிலிருந்து கவட்டுக்குக் கீழே வரை, கொய்யாவின் பட்டையைச் சுற்றிலும் ஒரு பொட்டு விடாமல் சுரண்டி எடுத்தார். உள்மரம் வெள்ளை வெளேரென்று வந்தது. எண்ணெய் தடவினார். காய்ந்த பிறகு தாரைக் காய்ச்சி இரண்டு கை பூசினார். டின்னுக்கு அடியில் நெருப்பை ஊதிக்கொண்டிருந்தது நான்தான். எனக்கும் அது சரியாகவே பட்டது. படகுக்காரர் வீட்டுப் பெண் வேறு என்ன நினைப்பாள்? சாயங்காலம் மரம் இடுப்புக்கு மேல் பச்சை, கீழே பளபளவென்று கறுப்பு. பாயம்மா சுவர் மேல் எட்டிப் பார்த்து, "புதுப் படகு கணக்கா கீது, அண்ணே" என்றார். நைனா மீசையைத் தடவிக்கொண்டார்.

மரம் பிழைத்துக்கொண்டது. அப்படித்தான் நினைத்தோம். கார்த்திகையில் அது பூத்த பூவை இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை. இலையைவிடப் பூ அதிகம். மாசியில் கிளை தாங்காமல் முட்டுக்கொடுத்தோம். அம்மா முதல் பழத்தை அறுத்து வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். பிறகு சிரித்தாள். "தேனு" என்றாள். எங்களுக்குத் துண்டு கொடுக்க மறந்து நாலையும் அவளே தின்றுவிட்டாள்.

அந்த இரண்டு மாதம் போல எங்கள் வீட்டில் ஒரு காலம் இருந்ததில்லை. அம்மா மத்தியானத்தில் கால் நீட்டித் தூங்கினாள். கூடை கூடையாகத் தெரு முழுக்கப் பழம் கொடுத்தாள். கரைப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். ஒரு நாள் நைனாவுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே, "உன் கைய குடு" என்று வாங்கிப் பார்த்து, தாரின் கறை போகாத விரல்களுக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். அவருக்கு வெட்கம். "பொண்ணு பாக்குது, விடும்மே" என்றார். கையை எடுத்துக்கொள்ளவில்லை.

சித்திரைக் கடைசியில் ஒரே வாரத்தில் இலையெல்லாம் சுருண்டது. உதிரக்கூட இல்லை, கிளையிலேயே பழுப்பாகி நின்றது. நைனா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். குழாயடியில் சண்டை போட்டு நானும் கொண்டுவந்து ஊற்றினேன். தலையால் தண்ணீர் குடித்தும் ஒரு துளிர் வரவில்லை. தாருக்கு மேலே, கிளைகளில் புதிதாக நாலைந்து பழுப்புப் பட்டைகள் இருந்தன. ஒவ்வொரு துளையிலும் காய்ந்த தோல் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. புழுக்கள் மரம் சாவதற்குள் தங்கள் காரியத்தை முடித்துக்கொண்டு பறந்துவிட்டன.

அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. கடலை விட்டு நன்றாக உள்ளே, புளியந்தோப்பில் ஹவுசிங் போர்டு மாடியில் இருந்த என் சின்னம்மாவுக்குச் சொல்லி அனுப்பினாள், பக்கத்தில் ஏதாவது வீடு காலியா என்று. பிறகு பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள்.

நைனா மரத்தை வெட்டினார். வெட்டும்போதுதான் அவர் கண்ணில் பட்டது. தார் பூசிய இடம் முடிந்து பட்டை தொடங்குகிற விளிம்பு, மரத்தைச் சுற்றி உதடு மாதிரி தடித்து வீங்கியிருந்தது. மேலேயிருந்து இலை சமைத்து அனுப்பியதெல்லாம் அதுவரை வந்து, அதற்குக் கீழே இறங்க வழியில்லாமல் தேங்கி நின்றிருக்கிறது. அவ்வளவு பூவும் பழமும் அதனால்தான். வேர் எட்டு மாதமாகப் பட்டினி. அந்த வீக்கத்தை அவர் விரலால் சுற்றிச் சுற்றித் தடவினார். மண்ணைத் தோண்டி ஒரு வேரை அறுத்து மென்று பார்த்தார். மண்ணையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். வாய் ஓரத்தில் மண்ணோடு எழுந்து வந்து, சாக்குக் கட்டிக்கொண்டிருந்த அம்மாவுக்கு முன்னால் நின்றார்.

"உப்பு இல்லமே. கடல் வரல. நான்தான் கொன்னுட்டேன்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"பட்டய எடுத்திருக்கக் கூடாது. நான் இதுவரிக்கும் கை வெச்சதெல்லாம் வெட்டிப்போட்ட மரம். இது உசுரோட இருந்துதுமே. எனுக்கு அது தோணவே இல்ல."

நைனா தன் வேலையில் தப்பு என்று ஒப்புக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மா எழுந்து வந்தாள். இப்போது கிழிகிழியென்று கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கிழிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். திட்டினாள் என்றால் நம்பிவிட்டாள் என்று அர்த்தம். நம்பிவிட்டாள் என்றால் இங்கேயே இருந்துவிடலாம்.

அவள் முந்தானையால் அவர் வாய் ஓரத்து மண்ணைத் துடைத்துவிட்டாள். "இன்னாத்துக்குப் பொய் சொல்ற? நான் இங்கியே இருக்கணும்னுதானே?" என்றாள். அவள் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டதில்லை. "உன் மேல ஏன்யா பழியப் போட்டுக்கற? நீ இன்னா பண்ணுவ பாவம், கடலு வந்தா?"

"பொய் இல்லமே. ஆண்டவர் மேல சத்தியம்."

"சத்தியம் பண்ணாத, பாவம்."

நான் குறுக்கே விழுந்து, "அம்மா, நெஜமாத்தாம்மா சொல்றாரு. வந்து பாரு, பட்ட எப்டி வீங்கிக் கீது பாரு" என்று கத்தினேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வெட்டின மரத்தைக் காட்டினேன். அவள் பார்த்தாள். வீங்கிய விளிம்பைத் தொட்டும் பார்த்தாள். "உப்புத்தண்ணிக்கு ஒடம்பு இப்டித்தான் வீங்கும்" என்றாள். பிறகு, "நீ உங்க நைனா பொண்ணு, அவரு சொல்றதத்தான் சொல்லுவ" என்று என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வைகாசி பிறந்ததும் கை வண்டியில் சாமான்களை ஏற்றிப் புளியந்தோப்புக்குப் போனோம். ஓரடி உள்ளே போகமாட்டேன் என்ற நைனாதான் வண்டியை இழுத்தார். இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால், ஆடு அறுக்கிற ஆட்டுத்தொட்டியின் நாற்றம். கண்ணுக்கெட்டியவரை ஒரு மரம் கிடையாது. அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. போன அன்றே, சாக்குகளைப் பிரிக்கக்கூட இல்லை, வெறும் தரையில் கையைத் தலைக்கு வைத்து மத்தியானமே தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மரம் காய்ந்ததிலிருந்து பாக்கியிருந்த தூக்கம்.

நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் காதில் விழாதபடி என்னிடம் கேட்டார்.

"நான்தான் கொன்னேன்னு நீயாச்சும் நம்புறியா?"

"நம்புறேன் நைனா."

அவர் தலையை ஆட்டினார். காலையில் காசிமேட்டுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கீழே போய் விசாரித்துவிட்டு வரச் சொன்னார்.